நாய்க்கடிக்கு என்ன ஊசி போட்டார்கள் என்பதை எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள்

குமரி மாவட்டத்தில் குலசேகரம், மார்த்தாண்டம் வட்டாரங்களில் நாய் கடித்தவுடன் பக்கத்திலிருக்கும் தனியார் மருத்துவமனைக்கு ஓடுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போன என் சித்தப்பாவைத் தெருநாய் ஒன்று கெண்டைக்காலில் கடித்துச் சதையைக் கிழித்துவிட்டது. அவரைக் கொண்டுபோன தனியார் மருத்துவமனையில் காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவக்கூட இல்லை. பஞ்சால் துடைத்து, தையல் போட்டு, இரண்டு ஊசிகளைச் செலுத்தி, "இனிப் பயமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். பல ஆயிரம் ரூபாய் ரசீதில் பெரும்பகுதி, "சிறப்பு ஊசி" என்ற ஒரே வரியில் இருந்தது. மருந்தின் பெயரும் இல்லை, பேட்ச் எண்ணும் இல்லை.

மறுநாள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றோம். இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்பு மருந்து) போட்டார்களா என்றுதான் அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்டார். அந்த ரசீதை வைத்து அவராலும் எதையும் சொல்ல முடியவில்லை. தனியார் மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தோம். நெடுநேரம் மழுப்பியபின், போட்டவை ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் மட்டுமே என்று ஒப்புக்கொண்டார்கள். மருந்துக்கடையில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் டெட்டனஸ் ஊசிதான் அந்தச் "சிறப்பு ஊசி".

பணம் போனது ஒருபுறம் இருக்கட்டும். தோல் கிழிந்து இரத்தம் வந்த கடி, மிகக் கடுமையானதாக மருத்துவர்கள் பிரிக்கும் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. தடுப்பூசி உடலில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேலாகும் என்பதால், அதற்குள் கிருமி நரம்பு வழியாக மூளையை நோக்கிச் செல்லாமல் தடுக்க, இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் நேரடியாகச் செலுத்த வேண்டும். முதல் தடுப்பூசி போட்ட 7 நாள்களுக்குள் இதைச் செய்தாக வேண்டும். காயத்தைத் தைத்தே தீர வேண்டுமென்றாலும், இந்த மருந்தைச் செலுத்திய பிறகே தளர்வாகத் தைக்க வேண்டும். நோய்க்குறி தோன்றிவிட்டால் ரேபிஸிலிருந்து பிழைப்பவர் அநேகமாக இல்லை என்று தெரிந்தும் ஒரு மருத்துவமனை இப்படி அனுப்பிவைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆசாரிப்பள்ளத்தில் காயத்தை நன்றாகக் கழுவி, அந்த மருந்தைக் காயத்திலேயே செலுத்தி, அடுத்த தவணைகளுக்கான தேதிகளையும் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பைசாகூட வாங்கவில்லை. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசியை நினைத்து எங்கள் பக்கத்து முதியவர்கள் இன்னும் அரசு மருத்துவமனைக்குப் போக அஞ்சுகிறார்கள். அந்தப் பழைய தடுப்பூசியின் தயாரிப்பு இந்தியாவில் 2004ஆம் ஆண்டின் இறுதியிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது கையில்தான் போடுகிறார்கள்.

கடித்தவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடங்கள் கழுவுங்கள். மஞ்சளோ மிளகாய்ப்பொடியோ வைக்காதீர்கள். தனியாரிடம் சென்றால், போட்ட ஒவ்வொரு ஊசியின் பெயரையும் பேட்ச் எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள்; மருந்துப் பெட்டியைக் கேட்டு வாங்கி, அதில் அச்சிட்ட அதிகபட்ச விலையோடு ரசீதை ஒப்பிட்டுப் பாருங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம்.

மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு ரசீதின் நகலோடு புகார் அனுப்பியிருக்கிறோம். புகாரைத் திரும்பப் பெற்றால் பணத்தைத் தந்துவிடுவதாக அந்த மருத்துவமனையிலிருந்து ஆள் அனுப்பினார்கள்; சித்தப்பா மறுத்துவிட்டார். நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்க வேண்டிய மனுவையும் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். இதே போன்ற "சிறப்பு ஊசி" ரசீது உங்கள் வீட்டில் இருந்தால் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்களும் வழக்குத் தொடுக்கலாம்.