எஞ்சின் மவுண்டில் விரிசல்: சிவப்புச் சாயமா, காந்தத் துகளா?

சிறிய பிஸ்டன் விமானங்களில் எஞ்சினைத் தாங்குவது பெரும்பாலும் 4130 எனப்படும் குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து இணைத்த சட்டகம்தான். குழாயின் நடுப்பகுதியில் விரிசல் தொடங்குவது குறைவு. பல குழாய்கள் கூடுமிடத்தில், வெல்டிங்கின் ஓரத்தில்தான் அது முதலில் முளைக்கும். டார்ச்சும் 10 மடங்கு உருப்பெருக்கியும் கொண்டு அங்கே பார்ப்பதே முதற்படி. பெயின்ட்டில் மயிரிழைபோல் ஒரு கோடும் அதையொட்டித் துருக்கறையும் தெரிந்தால் உடனே சந்தேகிக்க வேண்டும். ஆனால் பெயின்ட் உடையாத வரை அதன் அடியிலுள்ள விரிசல் கண்ணுக்குப் படாது.

மவுண்டைக் கழற்றாமலே செய்யக்கூடியது டை பெனிட்ரன்ட் சோதனை. பெயின்ட்டை நீக்கிச் சுத்தம் செய்த இடத்தில் சிவப்புச் சாயத்தைத் தடவி, பொதுவாக 10 முதல் 30 நிமிடம் ஊறவிட்டு, துணியால் துடைத்து, வெள்ளை டெவலப்பரை மெல்லிய படலமாகத் தெளித்தால், விரிசலுக்குள் போன சாயம் மெதுவாகக் கசிந்து சிவப்புக் கோடாக எழும். துடைக்கும்போது கிளீனரை நேராக உலோகத்தின்மேல் அடிப்பது பெரிய தவறு. விரிசலுக்குள் இருக்கும் சாயத்தையும் அது கழுவிவிடும். மணல் வீசிப் பெயின்ட்டை எடுப்பதும் அப்படியே, ஏனெனில் நசுங்கிய உலோகம் விரிசலின் வாயை மூடிவிடும். வெல்டிங் ஓரப் பள்ளங்களிலும் சாயம் தேங்கும் என்பதால், சிவப்பாகத் தெரிவதெல்லாம் விரிசல் ஆகாது.

பாகத்தைக் காந்தமூட்டி, விரிசலில் போய்க் குவியும் நுண் இரும்புத் துகள்களைத் தூவிப் பார்ப்பது காந்தத் துகள் சோதனை. எஃகு போன்ற காந்தமாகும் உலோகங்களுக்கு மட்டுமே அது பொருந்தும், ஆனால் எஃகில் அதன் கை ஓங்கியிருக்கிறது. அழுக்கு அடைத்த விரிசலையும், மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே இருப்பதையும், புற ஊதா ஒளியில் மின்னும் துகள்கள் காட்டிக்கொடுக்கும். காந்தப் பாய்வுக்குக் குறுக்கே உள்ள விரிசலே தெளிவாகத் தெரியும் என்பதால் இரு திசைகளில் காந்தமூட்ட வேண்டும். முடிந்ததும் காந்தத்தை நீக்காவிட்டால் விமானத்தின் திசைகாட்டி பிசகும். மவுண்டைப் பெரும்பாலும் தனியே கழற்ற வேண்டியிருக்கும் என்பதே இதிலுள்ள சிரமம். ஆகவே ஓவர்ஹாலுக்காக எஞ்சின் இறங்கியிருக்கும் வேளையில் சாயத்தோடு நிறுத்திக்கொள்வது கிடைத்த வாய்ப்பை வீணாக்குவதாகும் என்பேன். இடைக்காலத்தில் சந்தேகம் எழுந்த ஒரு மூலைக்குச் சாயம் போதும்.

உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி அதன் மாற்றத்தைக் கவனிக்கும் எடி கரண்ட் சோதனை, மெல்லிய பெயின்ட்டின் மேலிருந்தே அலுமினியப் பாகங்களையும் போல்ட் துளைகளையும் பார்க்க உகந்தது. மேடுபள்ளமான வெல்டிங்கில் அதன் சிக்னல் குழம்பும்.

பெரிய ஜெட்களில் எஞ்சினை இறக்கையில் தொங்கவிடும் தாங்கியான பைலானின் பின்கள் வேறு வகை. 1992 அக்டோபர் 4 அன்று ஆம்ஸ்டர்டாமில் எல் அல் நிறுவனத்தின் போயிங் 747 சரக்கு விமானத்தில், ஒரு ஃபியூஸ் பின்னில் (அளவுக்கு மீறிய சுமையில் உடைந்துவிடும்படி வடிவமைத்த பைலான் பின்) உலோகச் சோர்வால் விரிசல் கண்டதை அடுத்து 3ஆம் எஞ்சின் பிரிந்து 4ஆம் எஞ்சினையும் இடித்துக்கொண்டு போனது. 43 பேர் உயிரிழந்தனர். பொருத்திய நிலையிலுள்ள பின்னின் நடுப்பகுதியைக் கண்ணோ சாயமோ எட்டாது, அங்கே அல்ட்ராசோனிக் அலையைத்தான் அனுப்ப வேண்டும். அதையும், அதே வடிவப் பின்னில் வேண்டுமென்றே வெட்டிய ஒரு கீறலை வைத்துக் கருவியைச் சரிபார்த்த பிறகே நம்பலாம்.