காய்ந்த ஷிடாகே காளான்: கொள்ளு ரசத்துக்கு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், ஆனால் காளானை விட அது ஊறிய தண்ணிக்காக. கோவையில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் நூடுல்ஸ், சோயா சாஸ் இருக்கும் அடுக்கில் தேடுங்கள்.

நாக்கு அறியும் அடிப்படைச் சுவைகள் ஐந்து: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (கறிச்சாறு, காளானில் வரும் நிறைவான ருசி). நம் அறுசுவையில் வரும் காரம் எரிச்சல். துவர்ப்பு நாக்கை இறுக்கிப் பிடிக்கும் உணர்வு. 1908இல் ஜப்பானின் கிகுனே இகெடா, கொம்பு என்ற கடற்பாசியில் உமாமிக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டார். பழுத்த தக்காளியிலும் அது உண்டு. காய்ந்த ஷிடாகே தருவது குவானிலேட் என்ற இன்னொரு உமாமிப் பொருள். இரண்டும் சேரும்போது ருசி பல மடங்காகிறது. தக்காளி போட்ட கொள்ளு ரசத்துக்கு இது பொருந்துவது அதனால்தான்.

நாலு பேருக்கு 10 கிராம், அதாவது நடுத்தர அளவில் மூன்று காளான் போதும். அலசிவிட்டு, இரண்டு டம்ளர் பச்சைத் தண்ணியில் போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். அவசரப்பட்டுக் கொதிக்கிற தண்ணியை ஊற்றினால், குவானிலேட்டை உண்டாக்கும் நொதி செத்துவிடும், ருசி ஏறாது. 60–70 டிகிரியில்தான் அந்த நொதி நன்றாக வேலை செய்யும். அதனால் ஊறிய தண்ணியில் இரண்டு தக்காளியைக் கரைத்து, சிறு தீயில் மெதுவாகச் சூடேற்றுங்கள். அடியில் மண் தங்கும். கடைசி இரண்டு கரண்டியை ஊற்ற வேண்டாம். கொதி வந்ததும் கொள்ளு வெந்த தண்ணி, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு. புளி வழக்கத்தில் பாதி. பெருங்காயம் வேண்டாம், காளானுக்கே கந்தக வாசம் இருக்கிறது. உப்புப் போட்ட பிறகே ருசி பாருங்கள். உப்பில்லாமல் உமாமி எழாது.

அரிசிம்பருப்பு சாதத்துக்கும் ஒரு டம்ளர் ஊற்றலாம், அருமையாக இருக்கும். பள்ளிபாளையம் சிக்கனுக்குத் தேவையில்லை. கறியிலேயே குவானிலேட் மாதிரி வேலை செய்யும் இனோசினேட் இருக்கிறது.

ஊறிய காளானைப் பொடியாக நறுக்கி சின்ன வெங்காயத்தோடு வதக்குங்கள். காம்பு ரப்பர் மாதிரி, மெல்ல முடியாது. நன்றாக வேக வேண்டும். அரைவேக்காட்டில் தின்றால் சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்போடு தடிப்பு வரும்.

வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மடிப்புகள் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும், கருத்திருந்தால் பழையது. குடை தடியாக, மேலே வெடிப்பு விட்டிருந்தால் நல்ல ரகம். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். ஐப்பசி ஈரத்தில் சீக்கிரம் நமத்துப் பூசணம் பிடிக்கும்.