ஜாவா த்ரெட்களுக்கு இடையே: பைப்பா, பிளாக்கிங் க்யூவா?

ஒரு த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை) எழுதுகிறது, இன்னொன்று வாசிக்கிறது. எதிர்த்திசையில் எதுவும் வருவதில்லை. இதற்கு ஜாவாவில் பைப்டு ஸ்ட்ரீம் ஜோடியும் (சுருக்கமாக பைப்) இருக்கிறது, அர்ரே பிளாக்கிங் க்யூ என்ற அளவுள்ள வரிசையும் இருக்கிறது. என் ஓட்டு க்யூவுக்கு.

பைப்பில் பைட் மட்டும்தான் போகும். க்யூவில் ஆப்ஜெக்ட்டையே போடலாம். நிரம்பினால் இரண்டுமே எழுதும் த்ரெட்டை நிறுத்திவைக்கும். அளவு சொல்லாவிட்டால் பைப்பின் பஃபர் (தரவு தற்காலிகமாகத் தங்கும் இடம்) 1024 பைட்தான். அதில் ஒரே த்ரெட் எழுதிவிட்டுப் பிறகு வாசிக்க நினைத்தால், 1025-வது பைட்டில் அப்படியே நின்றுவிடும். எழுதியதும் ஃப்ளஷ் செய்து வாசிப்பவரை எழுப்ப மறந்தாலும் சிக்கல்: வாசிக்கக் காத்திருக்கும் த்ரெட் 1 விநாடிக்கு ஒருமுறைதான் தானாக எட்டிப் பார்க்கும். சின்னச் செய்தி தாமதமாக வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

தீர்மானிப்பது வேகம் அல்ல, முடிவு எப்படித் தெரிகிறது என்பது. எழுதிய த்ரெட் க்ளோஸ் செய்யாமல் செத்தால், வாசிக்கும் பக்கம் "ரைட் எண்ட் டெட்" அல்லது "பைப் ப்ரோக்கன்" என்று எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) வரும். ஆனால் த்ரெட்களை மறுபடி மறுபடி பயன்படுத்தும் த்ரெட் பூலில் வேலை முடிந்தாலும் த்ரெட் சாகாது. அதனால் எக்ஸெப்ஷன் வராது, வாசிப்பு தொங்கிக்கொண்டே இருக்கும். சரி, ஸ்ட்ரீமைத் தானே க்ளோஸ் செய்யும் ட்ரை-வித்-ரிசோர்சஸில் போட்டால்? பாதியில் பிழை வந்தாலும் க்ளோஸ் ஆகிவிடும்; வாசிக்கும் பக்கத்துக்கு, தரவு முடிந்தது என்று சொல்லும் வழக்கமான -1 கிடைக்கும். பாதி ஃபைல் முழு ஃபைலாகப் பதிவாகும். யாருக்கும் தெரியாது.

க்யூவில் போடும் பொருளை மூன்று வகையாக வையுங்கள்: தரவு, முடிந்தது, பிழை. க்யூவில் நல் (null, வெற்று மதிப்பு) போட முடியாது என்பதால் முடிவுக்குத் தனி அடையாளம் எப்படியும் தேவை. பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதியில் அந்தப் பிழையை க்யூவில் போட்டால், எடுக்கும் த்ரெட் அதை மறுபடி வீசும்.

க்யூவிலும் கண்ணி உண்டு. வாசிக்கும் த்ரெட் செத்து க்யூ நிரம்பினால், க்யூவில் போடும் புட் (put) அழைப்பு முடிவில்லாமல் காத்திருக்கும். அதற்குப் பதில் ஆஃபர் (offer) அழைப்பில் 5 விநாடி கெடு வையுங்கள். இந்த விஷயத்தில் பைப் மேல், வாசிப்பவர் க்ளோஸ் செய்தால் அடுத்த ரைட்டிலேயே எக்ஸெப்ஷன் வரும். இன்னொன்று: க்யூ நகலெடுக்காது. ஒரே 8192 பைட் அர்ரேயைத் திரும்பத் திரும்ப நிரப்பிப் போட்டால், வாசிப்பதற்குள் பழைய தரவின் மேல் புதியது ஏறிவிடும்.

இன்புட் ஸ்ட்ரீம் மட்டுமே வாங்கும் லைப்ரரிக்கு, தரவை ஜிஜிப் (gzip) முறையில் சுருக்கிக்கொண்டே அனுப்ப வேண்டுமென்றால், பைப்தான் சரி. பஃபரை 65536 ஆக்குங்கள், த்ரெட்டைத் தொடங்கும் முன்பே இரு முனையையும் இணையுங்கள். வாசிக்கும் முனையை ஒரு ஃபில்டர் இன்புட் ஸ்ட்ரீமில் சுற்றி, -1 வந்ததும் எழுதும் வேலையின் முடிவைத் தரும் ஃப்யூச்சரில் கெட் அழையுங்கள். அது பிழையைத் தந்தால் -1க்குப் பதில் ஐஓ எக்ஸெப்ஷன் வீசுங்கள்.