நாவலைத் திருடி வாசிக்கும் சேனல்கள்: யூடியூபின் காப்பிரைட் புகார்ப் படிவம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

ஒரு நாவலை அனுமதி வாங்காமல் முழுசாக வாசித்து, பாகம் பாகமாக ஏற்றி, விளம்பர வருமானம் பார்க்கும் சேனல்கள் யூடியூபில் இருக்கின்றன. எழுதியவருக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது. இந்த வீடியோக்களை இறக்க எழுத்தாளருக்கும் சிறு பதிப்பகத்துக்கும் எளிதில் கிடைக்கும் வழி, யூடியூபின் காப்பிரைட் புகார்ப் படிவம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. உண்மையிலேயே நல்ல சேவை. ஆனால் திருட்டைக் கண்டுபிடிப்பதிலும், எதிராளி மறுத்து எழுதிய பிறகும் அது பெரிதாக உதவாது.

முதலில் கண்டுபிடிப்பது. யூடியூபில் 'காப்பிரைட் மேட்ச்' என்று ஒரு கருவி உண்டு. படிவம் வழியாக ஒரு செல்லுபடியான புகார் கொடுத்தவர்களுக்கும் அது திறக்கும். ஆனால் அது வீடியோவை வீடியோவோடு ஒப்பிடும் கருவி. அச்சில் இருக்கும் வரியை வேறொருவர் குரலில் வாசித்தால் அதற்குத் தெரியாது. எனவே கையால்தான் தேட வேண்டும். நாவலின் பெயரைப் போட்டுத் தேடினால் பாதிதான் கிடைக்கும், ஏனென்றால் தலைப்பை மாற்றிவிடுகிறார்கள். நாயகன், நாயகி பெயர்களைச் சேர்த்துப் போட்டுத் தேடுங்கள். தமிழிலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியாகத் தேடுங்கள். ஒரு ஸ்டில் படம், பின்னால் மெல்லிய இசை, கீழே எழுத்தாளர் பெயரே இல்லாத குறிப்பு: இப்படி இருந்தால் இரண்டு நிமிடம் கேட்டாலே உங்கள் வாக்கியங்கள் காதில் விழும்.

படிவம் யூடியூப் ஸ்டுடியோவில் (சேனலை நிர்வகிக்கும் பக்கம்), காப்பிரைட் பகுதிக்குள் இருக்கிறது. சேனல் லிங்க்கையோ பிளேலிஸ்ட் லிங்க்கையோ கொடுத்தால் வேலை நடக்காது. முப்பது பாகம் என்றால் முப்பது வீடியோ லிங்க்கும் வேண்டும். படைப்பின் விவரத்தில் 'என் கதை' என்று மட்டும் எழுதினால், கூடுதல் விவரம் கேட்டு மெயில் வந்து நாட்கள் போகும். நூலின் பெயர், வெளியான ஆண்டு, பதிப்பகம், ஐஎஸ்பிஎன் எண், எந்த அத்தியாயம் எந்த வீடியோவில் வாசிக்கப்பட்டது என்பது வரை எழுதிவிடுங்கள். காப்பிரைட் பதிவுச் சான்றிதழ் இல்லையே என்று தயங்க வேண்டாம். இந்தியச் சட்டத்தில் எழுதியவுடனேயே உரிமை பிறந்துவிடுகிறது.

உடனே நீக்குவதா, 7 நாள் அவகாசம் கொடுப்பதா என்று படிவம் கேட்கும். அவகாசத்துக்குள் அவர்களாகவே எடுத்துவிட்டால் ஸ்ட்ரைக், அதாவது சேனல் மீது யூடியூப் பதியும் எச்சரிக்கை, விழாது. வாசகர் ஒருவர் ஆர்வத்தில் செய்திருந்தால் அவகாசம் கொடுப்பதுதான் நியாயம். தொழிலாகச் செய்பவர்களுக்கு உடனடி நீக்கம்தான் சரி. 90 நாளுக்குள் 3 ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போகும் நிலை வரும். அதே வீடியோ மறுபடி ஏறாமல் தடுக்கும் கட்டத்தையும் டிக் செய்யுங்கள்.

புனைபெயரில் எழுதுகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். உரிமையாளர் என்று நீங்கள் கொடுக்கும் பெயர், நீக்கப்பட்ட வீடியோ இருந்த இடத்தில் எல்லோருக்கும் தெரியும். தொடர்பு மெயிலும் எதிராளிக்குப் போகும். சொந்தப் பெயரை மறைத்து எழுதும் பெண் எழுத்தாளர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பதிப்பகத்தையோ நம்பிக்கையான ஒருவரையோ முகவராக்கிப் புகார் கொடுக்கச் சொல்லலாம். இதற்கென்று தனி மெயில் வைத்துக்கொள்வதும் நல்லது.

பதிப்பகத்தார் படிவத்தைத் தொடுவதற்கு முன் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். அச்சுரிமை மட்டும் வாங்கியிருந்தால் ஒலிவடிவ உரிமை எழுத்தாளரிடமே இருக்கிறது. புகார் அவர் பெயரில்தான் போக வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வாய்ப்பேச்சில் நடந்த பழைய ஏற்பாடுகள் இந்த இடத்தில்தான் சிக்கலாகின்றன.

சில பத்திகளை வாசித்து விமர்சனம் செய்யும் வீடியோ மீது புகார் போடாதீர்கள். விமர்சனத்துக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பொய்யான புகார் உங்களையே திருப்பித் தாக்கும். நாட்டுடைமையாக்கப்பட்ட கல்கியின் கதைகளை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஆனால் அப்படி ஒருவர் வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவு அவருடையது. அதை அப்படியே இறக்கி இன்னொரு சேனலில் ஏற்றினால் அது திருட்டு. அதைப் பிடிக்க, மேலே சொன்ன மேட்ச் கருவி நன்றாகவே உதவும்.

இனி பலவீனமான இடம். எதிராளி 'இது என் உரிமை' என்று மறுப்பு அனுப்பி அதை யூடியூப் ஏற்றுக்கொண்டால், அமெரிக்கக் கணக்கில் 10 வேலை நாளுக்குள் நீங்கள் சட்ட நடவடிக்கை எடுத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடலாம். தனி எழுத்தாளருக்கு இது கடுமையான நிபந்தனை. படிவத்துக்கு மதிப்பெண் குறைப்பது இதற்காகத்தான். சிறு ஆறுதல், பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு: எதிராளி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். 63ஆம் பிரிவின் கீழ் போலீஸ் புகாருக்கும் வழி உண்டு. தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை, அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை.

அந்த நிலை வந்தால் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். வீடியோ நீங்கிய பிறகு உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது. எனவே படிவத்தை அனுப்புவதற்கு முன்பே, லிங்க், ஏற்றிய தேதி, பார்வை எண்ணிக்கை தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஒவ்வொரு பாகத்திலும் சில நிமிடங்களைத் திரைப்பதிவு செய்து, எடுத்த தேதியோடு வையுங்கள். எந்த போனில், எந்தக் கணினியில் எடுத்தீர்கள் என்பதையும் குறித்துவையுங்கள். மின்னணு ஆதாரத்தோடு நீதிமன்றம் கேட்கும் சான்றிதழில் அந்த விவரம் எழுத வேண்டியிருக்கும்.