ஹாய்ஸ்டா, ஸ்டாக்கரா? கிட்டங்கிக்கு எது தோது

குமரி மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து முந்திரி ஆலைகளுக்கு வரும் கொட்டைச் சாக்கு பெரும்பாலும் 80 கிலோ. ஆண் ஒருவர் கையால் சுமக்க, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் பரிந்துரைத்த உச்ச வரம்பு 55 கிலோ. மிச்சம் 25 கிலோவும் லோடுமேன் முதுகில்தான் ஏறுகிறது.

இந்தச் சுமையைக் குறைக்க மெஷின் வாங்குவதென்றால், கை பாலட் டிரக்கை (சரக்கு அடுக்கிய பலகையைத் தூக்கித் தள்ளும் கைவண்டி) முதலிலேயே ஒதுக்கிவிடலாம். 2 டன்னுக்கு மேல் தாங்கும், ஆனால் ஒரு சாண் உயரத்துக்குத்தான் தூக்கும். இடுப்பு ஒடிவதோ லாரியிலிருந்து இறக்கும்போதும் அட்டி போடும்போதும் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போதும்). ஆக, போட்டி மின்சார ஹாய்ஸ்டுக்கும் (மேலே தொங்கி, செயினால் சரக்கைத் தூக்கும் மெஷின்) பேட்டரி ஸ்டாக்கருக்கும்தான் (பலகையை உயரத் தூக்கும் சக்கர வண்டி).

500 கிலோ ஹாய்ஸ்ட் சாதாரண 230 வோல்ட் இணைப்பிலேயே கிடைக்கிறது. தரை குண்டும் குழியுமாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. சிக்கல் மேலே இருக்கிறது. பழைய ஓட்டுக் கட்டடத்தின் உத்தரத்தில் இதைத் தொங்கவிடவே கூடாது; தனியாக இரும்புத் தூண் நட்டு ஐ-பீம் (I வடிவ இரும்பு உத்தரம்) போட வேண்டும். அந்தச் செலவையும் மெஷின் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள். பீம் போகிற வழியில்தான் சரக்கும் போகும். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மாதிரிக் கடலோரம் என்றால் செயினை உப்புக்காற்று தின்னும். எண்ணெய் போட மறக்கக் கூடாது.

செமி எலக்ட்ரிக் ஸ்டாக்கரில் தூக்குவது பேட்டரி, தள்ளுவது ஆள். இதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் விஷயம். பலகையை லாரித் தட்டு மட்டத்துக்கு ஏற்றி நிறுத்தினால் மூட்டையைத் தூக்கவே வேண்டாம், சரித்து இழுத்தால் போதும். ஒரு வரிசை நிறைந்ததும் பலகையை ஒரு மூட்டைத் தடிமன் அளவுக்கு இறக்கிவிட்டு அடுத்த வரிசை. அட்டி போடும்போது இதையே தலைகீழாகச் செய்யலாம். பலகையைத் தரையில் போட்டுக் குனிந்து குனிந்து அடுக்குவதென்றால் மெஷினுக்குக் கொடுத்த காசு தண்டம். ஒரு எச்சரிக்கை: பாரத்தை உயரத்தில் வைத்துக்கொண்டு தள்ளக் கூடாது; கீழே இறக்கிய பிறகே நகர்த்த வேண்டும்.

இதன் பலவீனம் சக்கரம். சின்னச் சக்கரத்துக்குச் சல்லி, சேறு, ஏற்றம் எதுவும் ஆகாது. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. லாரி நிற்கிற முற்றம் வரை காங்கிரீட் போடாமல் ஸ்டாக்கர் வாங்காதீர்கள்.

உறிஞ்சித் தூக்கும் வாக்குவம் லிஃப்டர் அட்டைப்பெட்டிக்குச் சரி. சாதாரண உறிஞ்சு கப் என்றால் சணல் சாக்கில் காற்று கசிந்து பிடி நழுவலாம். இடுப்பில் மாட்டும் ஸ்பிரிங் எக்ஸோஸ்கெலிட்டன் (உடம்போடு கட்டிக்கொள்ளும் தாங்கு சட்டகம்) முதுகுக்குக் கொஞ்சம் முட்டுக்கொடுக்கும், மூட்டையின் கனம் குறையாது. அதோடு, நம்மூர் புழுக்கத்தில் அதை யார் மாட்டிக்கொண்டு நிற்பார்?

தரைத்தளம் மட்டும், தரையும் சிமென்ட் என்றால் என் ஓட்டு ஸ்டாக்கருக்கு. மச்சில் சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு ஹாய்ஸ்ட்தான், அதுவும் எஞ்சினியரிடம் பீம் கணக்கு வாங்கிய பிறகு.