டர்போ மாற்றிவிட்டோம் என்று சொன்னால் நட்டைப் பாருங்கள்: காரைக்குடியிலிருந்து ஓர் எச்சரிக்கை

காரைக்குடிப் பக்கம் டர்போ (புகையின் விசையில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) என்ஜின் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் சென்னையிலிருந்து காரில் ஊருக்கு வருகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். நாளைக்கே திரும்பியாக வேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர்கள்தான் இப்படிப்பட்ட பட்டறைகளுக்கு நல்ல வாடிக்கை.

ஆயில் குறைகிறது என்று காரைக் கொண்டுபோய் விட்டேன். கழற்றாத டர்போவைக் கழற்றி மாற்றியதாகச் சொல்லி 52,000 ரூபாய் வாங்கினார்கள். குறை தீரவில்லை என்று திரும்பப் போனால், "பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டும்" என்று 1,35,000 ரூபாய்க்கு ஒரு கொட்டேஷனை நீட்டினார்கள். உண்மையில் கெட்டிருந்தது என்ஜினின் தலையை மூடியிருக்கும் டேப்பெட் கவருக்குள் இருக்கும் ஒரு ரப்பர் சவ்வு. பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. புகார் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது, அதற்குள் பெயரைப் போட்டு அவர்கள் கையில் ஓர் ஆயுதம் கொடுப்பானேன்.

நான் கோட்டையூரில் பலகாரம் செய்து விற்கிறேன். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை எல்லாம் வாராவாரம் மதுரைக்குப் போகும். கார் மூன்று சிலிண்டர், 1 லிட்டர் டர்போ பெட்ரோல். 80,000 கிலோமீட்டரைத் தாண்டியது. எண்ணெய்ச் சட்டி வாங்கினாலும் கணக்கு எழுதுகிற வீடு எங்களுடையது, காருக்கும் தனி நோட்டு உண்டு. இரண்டு சர்வீசுக்கு இடையில் ஒரு சொட்டு ஆயில்கூட ஊற்றாத வண்டி, 1,000 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் கேட்க ஆரம்பித்ததை அந்த நோட்டுதான் காட்டியது. நிறுத்தும் இடத்தில் ஒழுகிய தடம் இல்லை. கடை வாசலில் என்ஜினைச் சற்று நேரம் ஓடவிட்டுப் பிறகு கிளம்பினால் பின்னால் நீலப் புகை வந்தது. என்ஜின் பக்கமிருந்து மெல்லிய விசில் சத்தமும் கேட்டது. இரண்டையும் பட்டறையில் தெளிவாகச் சொன்னேன். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

பட்டறைக்காரர் செய்த சோதனை ஒன்றே ஒன்று. ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டார். ஆயில் ஒட்டிய விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பார்த்தீர்களா ஆச்சி, டர்போ சீல் போய்விட்டது."

இந்த விரல் வித்தையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இதைத்தான் காட்டுவார்கள். எந்த என்ஜினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிச் சிறிதளவு வாயு, கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் கசிந்துகொண்டேதான் இருக்கும். அதை வெளியே விடாமல் காற்றுப் பாதைக்கே திருப்பி அனுப்பி எரிப்பதற்காகத்தான் பிரீதர் என்ற அமைப்பு. அந்த வாயுவோடு ஆயில் ஆவியும் சேர்ந்தே போகும். ஆகவே அந்தக் குழாயிலும், டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரிலும் மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது இயல்பு. நல்ல நிலையில் உள்ள காரில் விட்டாலும் விரலில் ஆயில் ஒட்டும். கவனிக்க வேண்டியது ஆயில் எங்கே தொடங்குகிறது என்பதை. டர்போவுக்குக் காற்று நுழையும் வாயிலேயே ஈரம் இருந்தால் அது பெரும்பாலும் பிரீதர் வழியாக வந்தது. நுழைவாய் காய்ந்து கிடந்து, காற்று வெளியேறும் பக்கம் மட்டும் ஆயில் வழிந்தால் அப்போது டர்போவைச் சந்தேகிக்கலாம்.

அடுத்து, டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். சிறிய டர்போக்களில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகூடச் சுற்றும். ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழல்வதால் பக்கவாட்டில் லேசான ஆட்டம் இருப்பதில் தவறில்லை. முன்னும் பின்னுமாக ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, இறக்கைகள் கூட்டில் உரசிய கீறல் இருந்தாலோதான் டர்போவின் ஆயுள் முடிந்தது என்று பொருள். இதற்கு ஒரு டார்ச் விளக்கும் இரண்டு விரலும் போதும். என் வண்டியில் யாரும் செய்யவில்லை.

உண்மையிலேயே டர்போ வழியாக ஆயில் கசிந்தாலும், உடனே அதைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. டர்போவுக்குள் போன ஆயில் தன் எடையிலேயே கீழே வடிய வேண்டும். வடியும் குழாயில் கசடு அடைத்திருந்தாலோ, பிரீதர் அடைத்துக் கீழ் அறையில் அழுத்தம் ஏறியிருந்தாலோ, வடிய வழியில்லாத ஆயில் சீலைத் தாண்டும். அந்த நிலையில் பெட்டியிலிருந்து எடுத்த புத்தம் புதிய டர்போவும் புகைவிடும்.

வண்டி திரும்பி வந்தபோது டர்போவின் வெளிப்புறம் பளபளவென்றிருந்தது. புகையும் குறைந்தது போலத் தோன்றியது. அதன் காரணம் ரசீதிலேயே இருந்தது: 5டபிள்யூ-30 ஊற்ற வேண்டிய என்ஜினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தார்கள். கெட்டி ஆயில் கொஞ்ச காலம் புகையை மறைக்கும். ஆனால் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும்போது டர்போவுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். இல்லாத நோயைச் சொல்லிப் பணம் வாங்கியது போதாது என்று, அந்த நோய் வருவதற்கும் வழி செய்துவைத்திருக்கிறார்கள்.

பழைய டர்போவைக் கேட்டேன். "எக்ஸ்சேஞ்சில் கம்பெனிக்குப் போய்விட்டது ஆச்சி" என்றார். பழம்பொருள் கடைகள் உள்ள முனீசுவரன் கோயில் தெருவில் கைப்பிடி போன எனாமல் தூக்குக்கும் விலை கிடைக்கிற ஊர் இது. என்னுடைய பழைய டர்போவுக்கு ரசீதில் ஒரு ரூபாய்கூடக் கழிக்கவில்லை. எக்ஸ்சேஞ்ச் என்றால் யாருடைய எக்ஸ்சேஞ்ச் என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. மறுபடி வற்புறுத்தியதும் சாக்கில் சுற்றி ஒன்றைக் கொடுத்தார்கள். அது வேறு ஏதோ டீசல் வண்டியின் டர்போ என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆயில் பழையபடி குறைய ஆரம்பித்தது. மறுபடி கொண்டுபோனேன். "மூன்று சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்துவிட்டோம், குறைவு" என்றார்கள். கம்ப்ரஷன் என்றால் சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம். எவ்வளவு என்று கேட்டேன். "குறைவு" என்றார்கள். எண் கிடையாது. கம்ப்ரஷன் பார்க்க வேண்டுமானால் பிளக்கைக் கழற்ற வேண்டும், பிளக்கைக் கழற்ற அதற்கு மின்சாரம் கொடுக்கும், அதன் மேலுள்ள காயிலைக் கழற்ற வேண்டும். என்ஜின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மூன்று காயிலின் போல்ட்டிலும் எங்கள் ஊர்ச் செம்மண் தூசி அப்படியே படிந்து கிடந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் தூசி அப்படி இருக்காது. கொட்டேஷனை மட்டும் வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துவந்துவிட்டேன்.

தேவகோட்டையில் ஒரு பெரியவர் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். போனட்டைத் திறக்கும் முன்பே கேள்வி கேட்டார். புகை காலையில் முதல் முறை கிளப்பும்போது மட்டும் வருகிறதா? அப்படியென்றால் வால்வு சீல் பக்கம் பார்க்க வேண்டும். மிதித்து ஏற்றும்போதெல்லாம் தொடர்ந்து வருகிறதா? அப்போது ரிங்கின் மேல் சந்தேகம். ஓடவிட்டு நின்ற பிறகு வருகிறது, விசில் சத்தமும் கேட்கிறது என்றேன். "சத்தத்தை முதலில் சொல்லியிருக்கலாமே ஆச்சி" என்று சிரித்தார்.

என்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திருகினார். உள்ளே யாரோ பிடித்து இழுப்பது போல மூடி வர மறுத்தது. பலமாக இழுத்து எடுத்ததும் விசில் சட்டென்று நின்றது, என்ஜின் தடுமாறியது. டேப்பெட் கவருக்குள் இருக்கும் பிரீதரின் சவ்வு கிழிந்தால் என்ஜினின் உறிஞ்சும் விசையைக் கட்டுப்படுத்த ஆள் இல்லை. ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது, ஆயிலைக் காற்றுப் பாதைக்குள் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். மூடியைத் திறந்ததும் உள்ளேயிருந்து புஸ்புஸ்ஸென்று காற்று அடித்திருந்தால் அது ரிங் தேய்மானத்தின் அல்லது பிரீதர் அடைப்பின் அடையாளம் என்றும் விளக்கினார்.

அதோடு அவர் முடித்துக்கொள்ளவில்லை. பிளக்குகளைக் கழற்றி, என் கண் முன்னால் மீட்டரை வைத்துப் பார்த்தார். மூன்று சிலிண்டரின் அழுத்தமும் 12 பாரை ஒட்டியே, குறையில்லாமல் நின்றது. ஒன்று மட்டும் குறைந்திருந்தால் அதில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்ப்பாராம்: அழுத்தம் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. எனக்கு அது தேவைப்படவில்லை.

கடைசியாகத்தான் டர்போவைக் குனிந்து பார்த்தார். அதைப் புகைக்குழாய்ப் பக்கம் பிடித்திருக்கும் நட்டுகள் எல்லாம் துரு ஏறி இறுகியிருந்தன. ஆயில் குழாயின் மூட்டில் உள்ள வாஷர், கழற்றினால் புதிது போட வேண்டியது, பழையதாகவே இருந்தது. வண்டி கம்பெனியிலிருந்து வந்த நாள் முதல் அந்த டர்போ அசைக்கப்படவே இல்லை. வெளியே பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தண்டையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.

புதிய டேப்பெட் கவர், சரியான ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 13,600 ரூபாய். கிழிந்த சவ்வோடு பழைய கவரைக் கேட்காமலே கொடுத்தார். அதற்குப் பிறகு ஆயில் பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் அளவு இறங்கியது கண்ணுக்குத் தெரியவில்லை.

நட்டின் படங்களோடு பழைய பட்டறைக்குப் போனேன். முதலில் "பையன் ரசீதைத் தவறாக எழுதிவிட்டான்" என்றார்கள். பிறகு 15,000 ரூபாயும், ஆண்டு முழுவதும் இலவச வாட்டர் வாஷும் தருவதாகச் சொன்னார்கள். முழுத் தொகையும் வேண்டும் என்று பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். கெடு முடிந்தால் சிவகங்கை மாவட்ட ஆணையத்தில் புகார் போகும். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே கொடுக்கலாம், வெளியூரிலிருந்து வந்து ஏமாந்தவர்களுக்கும் இது பொருந்தும். இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

காரைக்குடியில் டர்போ மாற்றியதாக ரசீது வாங்கியவர்கள், ஆயில் இன்னும் குறைந்தால், வண்டியை வேறு பட்டறையில் தூக்கி நட்டுகளைப் படம் எடுத்துவையுங்கள். கழற்றிய பொருள் என்று எதைக் கொடுத்தாலும் அதன் தகட்டில் உள்ள எண்ணையும் சேர்த்து எடுங்கள். ரசீது வெறும் துண்டுத் தாளாக இருந்தாலும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். என்னிடம் இருப்பதும் அப்படி ஒரு தாள்தான், வழக்கறிஞர் முதலில் கேட்டது அதைத்தான்.