பழைய விண்டோஸ் மாதிரி கேட்டார் அப்பா, கடைக்காரர் ஆளையே மாற்றிவிட்டார்

அப்பாவுக்கு 71 வயது. எங்கள் வட்டாரக் கோவிலின் கணக்கு, கடிதம் எல்லாம் அவர் கையில்தான். விண்டோஸ் 7-இல் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளை வைத்துத் தட்டியே பழகியவர். அந்தக் கணினி ஒருவழியாகப் படுத்துவிட, விண்டோஸ் 11 ஹோம் உள்ள மடிக்கணினி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஸ்டார்ட் பொத்தான் நடுவில் நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா இது, கைப்பேசி மாதிரி இருக்கு?"

நான் வேலை விஷயமாக ஜொகூரில் இருந்த வாரம், அவரே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். "பழைய விண்டோஸ் மாதிரி வேணும் தம்பி." "பண்ணிடலாம் அங்கிள், ஒரு நாள் விட்டுட்டுப் போங்க." 180 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ரசீதில் 'சர்வீஸ்' என்று ஒரே ஒரு சொல்.

நான் திரும்பியபோது அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். இடது மூலையில் அந்த நீல உருண்டை, கண்ணாடி போன்ற விளிம்புகள், பழைய சொலிடேர் சீட்டாட்டம்கூட இருந்தது. எனக்கும் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. தைப்பூச நன்கொடை ரசீதுகளைத் தேடியபோதுதான் உதைத்தது. டாக்குமெண்ட்ஸ் இருந்தது, டவுன்லோட்ஸ் காலி. மேல்பூச்சு மாற்றுகிறவன் கோப்பை ஏன் தொடுகிறான்?

எந்த விண்டோஸ் என்று பார்க்க, விண்டோஸ் சாவியோடு ஆர் அழுத்தி 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் (winver) தட்டினேன். விண்டோஸ் 10 என்டர்பிரைஸ் என்று வந்தது. வாங்கியது 11 ஹோம்! விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவே 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அதையும், பெரிய நிறுவனங்களுக்கான ஆக்டிவேஷன் (உரிமத்தைச் செயல்படுத்தும்) முறையைத் திருட்டுத்தனமாகப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். அந்த முறை 180 நாளுக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஆக்டிவேஷன் நிலையைக் கேட்டால் காலாவதித் தேதி காட்டியது. சொந்த லைசென்ஸ் என்றால் நிரந்தரம் என்றுதான் வரும்.

அதைவிட வயிற்றைக் கலக்கியது விண்டோஸின் வைரஸ் தடுப்பான், டிஃபெண்டர். 'எக்ஸ்குளூஷன்ஸ்' பட்டியலைத் திறந்தால், முழு சி டிரைவும் அதில். அதாவது எதையும் சோதிக்காதே என்று காவல்காரனிடமே சொல்லிவைத்திருக்கிறார்கள். அப்பா மூன்று வாரமாக இதில்தான் வங்கிக் கணக்கைத் திறந்துகொண்டிருந்தார். வேறொரு கணினியில் உட்கார்ந்து எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றி முடிக்க இரவு ஒரு மணி.

கடைக்குப் போனேன். பதில் தயாராக இருந்தது: "அங்கிள் பழைய விண்டோஸ் கேட்டாரு, போட்டுக் கொடுத்தோம்." அப்பா சொன்ன 'மாதிரி'யை மட்டும் கடைக்காரர் அழகாக விழுங்கிவிட்டார்.

உண்மையில் அப்பா கேட்டதற்கு ஒரு காசு செலவில்லை. ஸ்டார்ட் பொத்தானை டாஸ்க்பார் அமைப்பிலேயே இடது பக்கம் தள்ளலாம். ஓப்பன் ஷெல் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ் 7 பாணி மெனுவைக் கொண்டுவரும். இதற்கு அரை மணி நேரம் போதும், ஒரு கோப்பும் அசையாது. அதனால் இந்த வேலைக்கு ஒரு நாள் விட்டுப் போகச் சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்: டிஸ்கை அழிப்பீர்களா? கொடுக்குமுன் வின்வெர் திரையைக் கைப்பேசியில் படம் எடுங்கள், வாங்கும்போது கடையிலேயே ஒப்பிடுங்கள். ரசீதில் என்ன வேலை என்று எழுதி வாங்குங்கள். எங்களிடம் அது இல்லாததுதான் பெரிய ஓட்டை.

8 ஜிபி யுஎஸ்பியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே விண்டோஸ் 11-ஐ இறக்கி மறுபடி போட்டேன். லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருந்ததால் எதுவும் கேட்காமல் ஹோம் ஏறிவிட்டது. அப்புறம் ஓப்பன் ஷெல், முரசு அஞ்சல். புது சொலிடேரில் விளம்பரம் வருகிறது என்று அப்பா முணுமுணுக்கிறார், அதற்கு என்னிடம் மருந்தில்லை. நன்கொடை ரசீதுகளைக் கொடுத்தவர்களிடமே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறோம்.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதிய 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தத் தம்பி மரியாதையாத்தான் பேசினான்" என்கிறார் இன்னும்.